பெர்லாவை நீராட்ட இரண்டு பெண்கள்

உலகெங்கும் பரவி வாழும் யூதச் சமூகங்களுக்கிடையே உறவை வலுப்படுத்தவும், அவற்றின் பொது எதிர்காலத்தைத் திட்டமிடவும் ஓயாது பாடுபட்டு வரும் அனைத்துலக இணைப்பு மன்றத்தார், தமது பன்னிரண்டாவது மாநாட்டை டானூப் கரையிலிருக்கும் அந்தச் சிறிய பல்கேரிய நகரத்தில் நடத்த இசைந்தது பெருந்தன்மையான செயல் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. நகரத்தில் எஞ்சியிருந்த யூதர்கள் பதினொருவர். வந்திறங்கிய பிரதிநிதிகள் நூற்று நாற்பதுபேர். தேய்ந்துவரும் சமூகமொன்றை அருகிலிருந்து பார்ப்பது எதிர்காலத்தைத் திட்டமிடுவோருக்குப் பெரிதும் ஊக்கமளிக்கும் என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டிருந்தார்கள்.

மாநாட்டின் இரண்டாம் நாளான வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பதினொருவர் பத்துப்பேராயினர். நிகழ்ச்சிநிரல் முன்கூட்டியே அச்சாகிவிட்டபடியால் இந்த மாறுதலை அதில் சேர்க்க இயலவில்லை.

இறந்தவர் பெர்லா வர்சானோ. மாநாடு நடந்துகொண்டிருந்த யூதச் சமூகக் கூடத்தின் காவலர் புக்கோ வர்சானோவின் மனைவி. நாற்பது ஆண்டுகளாக அந்நகரத்தில் இறந்த யூதப் பெண்கள் அனைவரையும் நீராட்டி அனுப்பியவர். கூடத்தின் முற்றத்துக் கோடியில் சலவைக்கல் மேடையும் இரண்டு குழாய்களும் கொண்ட சிறிய அறை ஒன்று அதற்கென்றே உண்டு. அறுபத்து மூன்று பெண்கள் அந்த மேடையில் பெர்லாவின் கைகளால் கழுவப்பட்டு, முடிச்சிடாமல் தைத்த வெள்ளைத் துணி உடுத்தி வெளியேறியிருக்கிறார்கள். இப்போது அறுபத்து நான்காமவராக அவரே அங்கே கிடத்தப்பட்டிருந்தார். நீராட்டத்தான் ஆள் இல்லை.

பெண்ணின் உடலைப் பெண்களே நீராட்ட வேண்டும். கணவனேயானாலும் ஆண் அந்த அறைக்குள் நிற்கலாகாது. குறைந்தது இருவர் தேவை: ஒருவர் உடலைச் சரித்துப் பிடிக்க, மற்றவர் நீர் வார்க்க. ஊரில் மிஞ்சியிருந்த பெண்கள் மூவர். ஒருவர் தம் பெயரையே மறந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. ஒருவர் மகளுக்குப் பேறுகாலம் என்று ஹைஃபாவுக்குப் போயிருந்தார். மூன்றாமவரான சிம்பூல் அம்மையாருக்கு வயது எண்பத்து நான்கு. இடுப்பெலும்பு முறிந்து கம்பி வைத்து மூன்று வாரமாகிறது. தலைநகரில் இந்தப் பணியை அறிந்த பெண்கள் இருவர் இருந்தார்கள். புக்கோ தொலைபேசியில் அழைத்தபோது அவர்கள் லிஸ்பனில் இருப்பது தெரியவந்தது. சிறு சமூகங்களில் இறுதிச் சடங்குகளை வலுப்படுத்துவது எப்படி என்ற பயிலரங்குக்கு இணைப்பு மன்றமே அவர்களை அனுப்பியிருந்தது.

கல்லறைத் தோட்டத்துக் குழிவெட்டி ஸ்தோயான் தம் வண்டியில் உடலைக் கொண்டுவந்து இறக்கினார். அப்படியே சிம்பூல் அம்மையாரையும் சமையலறை நாற்காலியோடு தூக்கிவந்து நீராட்டு அறையில் அமர்த்தினார். போகும்போது தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூணரைக்கு மேல நான் இருக்க மாட்டேன், புக்கோ அண்ணே. பொழுது சாய்ஞ்சா உங்களுக்கும் சனிக்கிழமை ஓய்வுநாள் ஆரம்பம், புதைக்க மாட்டீங்க. எங்களுக்குத் திங்கள் வரைக்கும் லீவு. நாலு மணிக்கு முனிசிபாலிடி வண்டி வந்து சவக்கிடங்குக்கு எடுத்துட்டுப் போயிடும். அங்க என்ன செய்வாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

புக்கோவுக்குத் தெரியும். பெர்லாவுக்கும் தெரிந்திருந்தது. போன வாரம் மூச்சுத் திணறலுக்கிடையே அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: "குழாயப் பிடிச்சுத் தண்ணியப் பீச்சி அடிக்கிற ஆளுங்ககிட்ட என்னை விட்றாதீங்க. நம்ம பொம்பளைங்க கையால போகணும்." புக்கோ சரி என்றிருந்தார். எழுபத்து மூன்று வயதில் அவர் கொடுத்த அந்த வாக்கு, அப்போது மிகச் சுலபமானதாகத் தோன்றியது.

சிம்பூல் அம்மையார் நாற்காலியில் இருந்தபடியே அடுப்பில் தண்ணீரை ஏற்றச் சொன்னார்.

"தண்ணி ஊத்த என்னால முடியும்ப்பா. வாயால சொல்லவும் முடியும். திருப்பிப் பிடிக்கத்தான் ஆள் வேணும். ஏன் முழிக்கிற? சுவத்துக்கு அந்தப் பக்கம் நம்ம பொம்பளைங்க அம்பதுபேர் உக்காந்திருக்காங்க. போய் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வா."

ஐம்பத்தாறு பேர். புக்கோ நாற்காலிகளை அடுக்கியவராதலால் எண்ணிக்கை அவருக்குத் தெரியும். அன்று காலை முதன்முறையாக அவருக்கு நெஞ்சு சற்று லேசாயிற்று.

கூடத்தின் வாயிலில் வரவேற்பு மேசை இருந்தது. அடையாள அட்டை இல்லாதவர்களை உள்ளே அனுமதிப்பதற்கில்லை என்று அங்கிருந்த பெண் மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்தார். அந்தக் கதவின் சாவி தம் இடுப்பில்தான் இருக்கிறது என்று புக்கோ பணிவுடன் எடுத்துக்காட்டினார். அதுவும் கணக்கில் கொள்ளப்பட்டு, அவருக்கு 'உள்ளூர் அனுபவம்' என்று எழுதிய பச்சை அட்டை ஒன்று கழுத்தில் மாட்டப்பட்டது.

அவரை வாழ்க்கைப் பருவங்கள் துறையின் இயக்குநர் அடினா வொல்ஃப்சோன் அம்மையாரிடம் அனுப்பினார்கள். அம்மையாரின் தகப்பனார் அதே நகரத்தில் பிறந்தவர். ஆகவே அந்நகரத்து யூதர்கள் வீட்டில் பேசும் பழைய ஸ்பானிய மொழி அவருக்கு நன்றாகவே வந்தது. அவர் புக்கோவின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு கண்கலங்கினார். அது நடிப்பன்று. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிலைமையை விளக்கினார்.

"எங்க துறை பிறப்புல ஆரம்பிச்சு முதுமை வரைக்கும், ஐயா. அதுக்கு மேல போனா அது பாரம்பரியத் துறை."

பாரம்பரியத் துறையின் மேசை மாடியில் இருந்தது. அங்கிருந்த கனவான் கல்லறைகளைப் பற்றி ஆழ்ந்த அறிவுடையவர். தமது துறை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்துக்கு முன் இறந்தவர்களை மட்டுமே ஏற்றுக்கொள்வதாக அவர் கூறினார். பெர்லா அப்போது பிறக்கவே இல்லை என்று புக்கோ சொன்னதும், அதுதான் சிக்கல் என்று அவரும் ஒப்புக்கொண்டார். அவசரத் தேவைகளுக்கென்று ஒரு படிவம் உண்டு. ஆனால் அதை ஆறு வாரங்களுக்கு முன்பே தர வேண்டும்.

புக்கோ படியிறங்கியபோது மணி பத்தேகால். நீராட்டு அறையில் தண்ணீர் ஆறிப்போய், சிம்பூல் அம்மையார் அதை இரண்டாம் முறை அடுப்பில் ஏற்றியிருந்தார்.

இதற்குள் செய்தி மன்றத்தின் தலைவர் கில்பர்ட் கஹான் அவர்களை எட்டியது. அதன் விளைவு உடனடியாகத் தெரிந்தது. தலைவர் அவர்கள் காபிக் கோப்பையைக் கீழே வைக்கவும் மறந்து தெருவுக்கு ஓடினார். அவருக்குப் பின்னால் மேலும் பதினாறு பிரதிநிதிகள் ஓடினார்கள். இவர்கள் அனைவரும் ஆரோனின் வழிவந்த ஆசாரியக் குலத்தார்; பிணம் இருக்கும் கூரையின் கீழ் அவர்கள் நிற்கலாகாது. நீராட்டு அறை தனிக் கட்டிடம்தான். ஆனால் மழையில் பெண்கள் நனையக்கூடாதே என்று பெர்லா கேட்டுக்கொண்டதற்கிணங்கி, இருபது ஆண்டுகளுக்கு முன் புக்கோ தம் கையாலேயே கூடத்துக்கும் அறைக்கும் இடையே ஒரு தகரப் பந்தல் போட்டிருந்தார். அந்தப் பந்தலின் வழியே இரு கூரைகளும் ஒன்றாகி, சாவு கூடத்துக்குள் வந்துவிட்டது. விதிப்படி இதில் பிழை காண முடியாது.

மன்றத்தின் செயல்திறனைக் குறைகூறுவோர் அன்று அங்கே இருந்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடிவு எடுக்கப்பட்டது. எட்டு நிமிடத்தில் ஏணி வந்தது. ஆசாரியக் குலத்தைச் சேராத பிரதிநிதிகள் ஒன்பதுபேர், அவர்களுள் இருவர் பேராசிரியர்கள், மேற்சட்டைகளைக் கழற்றி வைத்துவிட்டு ரம்பத்தோடும் கடப்பாரையோடும் முற்றத்துக்குள் விரைந்து வந்தார்கள். நாலைந்து பெண்மணிகளும் கூடவே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் வருவதைக் கண்ட புக்கோ உதவிதான் வந்துவிட்டது என்று எண்ணி, நீராட்டு அறையின் கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். கதவை உடனே மூடும்படி ஒருவர் பதறிக் கேட்டுக்கொண்டார். அவர்கள் பந்தலின் நடுவே இரண்டடி அகலத்துக்குத் தகரத்தை அறுத்தெடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். இரு கூரைகளும் பிரிந்தன; ஆசாரியக் குலத்தார் இனிக் கூடத்துக்குத் திரும்பலாம். வானம் தெரிந்தது. தூறலும் விழுந்தது.

தெருவில் நின்ற கஹான் அவர்கள் புக்கோவை எட்ட இருந்தே அழைத்து ஆறுதல் கூறினார்.

"எங்களுக்கு மனசு இல்லாம இல்ல, பெரியவரே. மூவாயிரம் வருஷமா சாவு எங்களைத் தொடாம காப்பாத்திட்டு வர்றோம். யாராவது ஒருத்தர் எட்ட நின்னாத்தானே முழுசாப் பாக்க முடியும்? அதுக்குத்தான் தலைமைன்னு பேரு."

"ரெண்டு பொம்பளைங்க வேணுங்க," என்றார் புக்கோ.

"நிச்சயமா. பெண்கள் பங்கேற்புதான் இந்த மாநாட்டோட மூணாவது இலக்கு."

பதினொன்றரைக்கு இடைவேளை. பாலாடைக்கட்டி வைத்த பூரேக்காக்களைத் தட்டில் வைத்திருந்தார்கள். பெர்லா புதன்கிழமை உட்கார்ந்தபடியே மடித்துச் சுட்டவை. அவற்றைக் கையில் வைத்திருந்தவர்களிடமே புக்கோ ஒவ்வொருவராகச் சென்று கேட்டார். இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்வது நியாயம்: ஏழு பெண்கள் உடனே சம்மதித்தார்கள். அவர்களுள் நால்வர் தத்தம் ஊரில் இந்தப் பணியைச் செய்தவர்கள். கையைக் கழுவிக்கொண்டு முற்றத்துக்குள் இறங்கியும் விட்டார்கள்.

அறுத்த பந்தலின் கீழே நடந்துகொண்டிருந்தபோது, தலையிலிருந்து தொடங்கி வலப்பக்கம் முழுவதும் கழுவிய பிறகே இடப்பக்கம் என்று ஒருவர் நினைவூட்டினார். எங்கள் ஊரில் இரு தோள்களும் முடிந்த பின்புதான் கீழே இறங்குவோம் என்றார் மற்றொருவர். மூன்று வாளி நீரை இடைவிடாமல் ஊற்ற வேண்டுமா, சற்று விட்டு ஊற்றலாமா என்பது அடுத்த கேள்வி. அதற்கு மூன்று விடைகள் இருந்தன. ஓய்வுநாளை மதியாமல் சனிக்கிழமையில் வண்டி ஓட்டுகிறவர் ஊற்றிய நீர் செல்லுமா என்று ஒருவர் பொதுவாகத்தான் கேட்டார். ஆனால் வண்டி ஓட்டுகிற பெண்மணி அருகிலேயே நின்றிருந்தார்.

"உங்க ஊர்ல என்னைச் சாமி கும்பிடவே விட மாட்டீங்க. இப்பப் பொணத்தக்கூடத் தொடக்கூடாதா?"

"நான் ஏத்துக்கறேன்மா. எங்க ஊர்ல ஏத்துக்க மாட்டாங்க."

"உங்க ஊர்லயா இவங்க செத்தாங்க?"

அறைக்குள்ளிருந்து சிம்பூல் அம்மையாரின் குரல் கேட்டது. இங்கே எல்லாம் எப்போதும் பெர்லா செய்தபடிதான், நான் சொல்லித் தருகிறேன், யாராவது இருவர் வந்து பிடியுங்கள் என்றார். அந்தக் கோரிக்கை மொழிபெயர்க்கப்படவில்லை. மொழிபெயர்ப்பாளரும் விவாதத்தில் கலந்துகொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு வந்த அடினா அம்மையாருக்கு முகம் மலர்ந்தது. வெவ்வேறு வழிமுறைகளைச் சேர்ந்த பெண்கள் ஒரே இடத்தில் நின்று பேசுவதை அவர் பதினெட்டு ஆண்டுகளாகக் காண முயன்று வந்தவர். இதை இப்படியே விட்டுவிடக்கூடாது என்று அவர் எழுவரையும் மேல்மாடி அறைக்கு அழைத்துச் சென்றார். நீர் வார்ப்பு முறைகளை ஒருங்கிணைக்கும் பணிக்குழு அங்கே பன்னிரண்டே முக்காலுக்கு முறைப்படி அமைந்தது. அனைவரும் ஏற்கத்தக்க இருவரைத் தேர்ந்தெடுக்கும் வரை எவரும் தனித்துச் செயல்படுவதில்லை என்பது அதன் முதல் தீர்மானம். ஒருமனதாக நிறைவேறியது.

புக்கோ மாடிப்படியில் அமர்ந்து காத்திருந்தார். அவர் இதற்குமுன் எவரிடமும் கெஞ்சியதில்லை. ஆகவே அதை எப்படிச் செய்வது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. ஒருமுறை கதவைத் தட்டினார். ஒருமுறை தொப்பியைக் கழற்றி உள்ளே நீட்டியபடி நின்றார். யாரோ அதில் மன்றத்தின் சிறு கொடி ஒன்றைப் போட்டார்கள்.

ஒன்றரை மணிக்கு அடினா அம்மையார் வெளியே வந்தார்.

"நல்லாப் போய்ட்டிருக்கு, ஐயா. தலையில ஆரம்பிக்கறதுங்கறதுல எல்லாருக்கும் சம்மதம். இடைக்கால அறிக்கை மார்ச்சுல வந்துடும்."

"அம்மா, மூணரைக்கு அவளை மண்ணுக்குள்ள வைக்கணும்மா. அந்த அறிக்கைய நான் பின்னாடி படிக்கறேன். இப்ப ரெண்டு பேரை மட்டும் அனுப்புங்க. சண்டை போட்டுக்கிட்டே குளிப்பாட்டினாலும் சரி. பெர்லா ஒண்ணும் சொல்ல மாட்டா."

அம்மையார் மீண்டும் அவருடைய இரு கைகளையும் பற்றிக்கொண்டார். இதைப் பேரவை முன்பு நீங்களே சொல்லவேண்டும், இதே சொற்களில், என்றார். இரண்டு மணிக்கு 'களத்தின் குரல்' என்ற தலைப்பில் ஐந்து நிமிடம் காலியாக இருந்தது.

மேடையில் நின்றபோது விளக்கொளியில் கண் கூசியது. புக்கோ சமூகத்தின் வரலாற்றைச் சொல்லவில்லை. எதிர்காலத்தைப் பற்றியும் சொல்லவில்லை. தம் மனைவி சுவருக்கு அப்பால் கிடக்கிறாள் என்றார். அறுபத்து மூன்று பேரைக் கழுவியவள், அவளைக் கழுவ இரண்டு பேர் வேண்டும், அரை மணி நேர வேலை, தண்ணீர் சூடாக இருக்கிறது என்றார். கதவு எங்கே இருக்கிறது என்று கையால் காட்டினார். அவ்வளவுதான்; நாற்பது விநாடியும் ஆகவில்லை.

முதலில் ஒருவர் எழுந்தார், அடுத்தவர் எழுந்தார், நூற்று நாற்பதுபேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பலர் வெளிப்படையாக அழுதார்கள். இதுவரை நடந்த பன்னிரண்டு மாநாடுகளிலும் இத்தகைய உரையைக் கேட்டதில்லை என்று பின்வரிசையில் ஒருவர் கூறினார். கைதட்டல் ஓய்ந்ததும் பெண்கள் வரிசையாக மேடையை நோக்கி வந்தார்கள். புக்கோ அவர்களை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். கடைசியில் வந்துவிட்டார்கள் என்று நினைத்தார்.

முதலாமவர் அவர் கையைத் தம் இரு கைகளாலும் பற்றி, வாழ்நாளில் மறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அடுத்தவர் பற்றினார். அடுத்தவர் பற்றினார். மென்மையான கைகளும், மோதிரம் உறுத்தும் கைகளும், குளிர்ந்தவையும், வியர்த்தவையும், செவிலியாகவோ சமையற்காரியாகவோ இருந்து உரமேறிய கைகளும் வந்தன. ஒவ்வொரு கையையும் புக்கோ கொஞ்சம் அதிகநேரம் விடாமல் பிடித்து வைத்துக்கொள்ள முயன்றார். அவற்றுக்குரியவர்கள் அதை நன்றியுணர்வு என்று புரிந்துகொண்டு, மெதுவாக விடுவித்துக்கொண்டார்கள். தம்மோடு வரமுடியுமா என்று அவர் கேட்டபோது, இருவர் ஏற்கெனவே போய்விட்டதாகச் சொன்னார்களே என்று பலரும் கூறினார்கள். யார் அந்த இருவர் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. வரிசை முடிந்தபோது நூற்றுப் பன்னிரண்டு கைகள் கடந்து போயிருந்தன. மணி இரண்டு நாற்பது.

நீராட்டு அறையின் வாசலில் அவர் கூரைக்கு வெளியே, அறுத்த இடத்தின் கீழே நின்றார். தோளில் தூறல் விழுந்தது.

"யாரும் வரலியா?" என்றார் சிம்பூல் அம்மையார் உள்ளிருந்து.

"வருவாங்களாம்க்கா."

"எப்ப?"

"மார்ச்சுல அறிக்கை வருமாம்."

உள்ளே வாளியை இழுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"உள்ள வா."

"அக்கா, நான் எப்படி..."

"நாப்பத்தெட்டு வருஷம் அவகூடக் குடும்பம் நடத்துனவன்தானே. சவக்கிடங்கு ஆளுங்களவிட நீ ஒண்ணும் அந்நியன் இல்ல. கண்ண மூடிக்கிட்டு வா. நான் சொல்ற இடத்துல பிடி, சொல்லும்போது திருப்பு. தப்புன்னா அது என் தலையில."

புக்கோ கழுத்திலிருந்த பச்சை அட்டையைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளே நுழைந்தார். சலவைக்கல்லின் விளிம்பைக் கை தடவிக் கண்டுபிடித்தது. பிறகு ஒரு தோளை. அது அவர் எண்ணியதைவிடச் சிறியதாக இருந்தது. இடது கையால் பிடி, வலது கையை முதுகுக்கு அடியில் கொடு, இப்போது மெதுவாகச் சரி என்று சிம்பூல் அம்மையார் ஒவ்வொன்றாகச் சொன்னார். துணி நழுவாமல் போர்த்தியிருப்பதாகவும், அவர் அஞ்ச வேண்டாமென்றும் சொன்னார். வெதுவெதுப்பான நீர் புக்கோவின் கைகளின் மீதும் வழிந்தது.

கூடத்தின் ஒலிபெருக்கி முற்றத்துக்கும் கேட்கும்படி வைக்கப்பட்டிருந்தது. தலைவர் கஹான் அவர்கள் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானத்தைப் படித்துக்கொண்டிருந்தார். இரண்டாயிரத்து ஐம்பதாம் ஆண்டுக்குள், உலகின் எந்த மூலையிலும், எந்த யூதப் பெண்ணும் நீராட்டப்படாமல் இருக்கும் நிலை அறவே ஒழிக்கப்படும். 'அறவே' என்ற சொல்லை நீக்கும்படி ஒரு திருத்தம் வந்தது, தோற்றது. தீர்மானத்துக்குப் பெர்லாவின் பெயரைச் சூட்டலாம் என்று மற்றொரு திருத்தம் வந்தது, ஏற்கப்பட்டது. அவருடைய குடும்பப் பெயர் என்னவென்று யாரோ கேட்டார்கள். வாக்கெடுப்புக்குக் கை தூக்குமாறு தலைவர் கேட்டுக்கொண்டார்.

"இப்ப இடது பக்கம்," என்றார் சிம்பூல் அம்மையார். புக்கோ திருப்பினார்.

மூன்றேகாலுக்கு வெள்ளைத் துணி உடுத்தியாயிற்று. வெளியே ஸ்தோயானின் வண்டி வந்து நின்று ஒருமுறை ஒலியெழுப்பியது. சிம்பூல் அம்மையார் நாற்காலியோடு முன்னே சாய்ந்து, இறந்தவரின் காலருகே குனிந்தார். இந்த வேலை முடிந்ததும் கழுவியவர்கள் இறந்தவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள். அப்போதுதான் அது முடிந்ததாகும்.

"பெர்லா, வீடா பெத்த மகளே, உன் மரியாதைக்காகத்தான் செஞ்சோம். கை தவறியிருந்தா மன்னிச்சுரு. உன்னக் காக்க வச்சதுக்கும் மன்னிச்சுரு." பிறகு புக்கோவிடம், "நீயும் கேளுப்பா. அப்படியே அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கும் சேத்துக் கேட்டுரு. பாவம், அவங்களுக்குத் தெரியாது" என்றார்.

சுவருக்கு அப்பால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கைதட்டல் எழுந்தது. அது ஓயட்டும் என்று புக்கோ காத்திருந்தார். ஓயவில்லை.

"வேண்டாங்க்கா," என்றார். "அவங்களுக்கு வேணும்னா அவங்களே வந்து கேக்கட்டும்."

பிறகு, கண்ணைத் திறக்காமலே, தம் பங்குக்கு மட்டும் கேட்டுக்கொண்டார்.